தாள் யாருடையது?
சித்திரக்கதை அசல்களும் ஏலக்கடைகளும்

1

சித்திரக்கதை என்றாலே நம்மூர் இலக்கியவாதிக்கு இளக்காரம். "சின்னப் பசங்க படிக்கிறது" என்று ஒதுக்கிவிடுவார். அமெரிக்கச் சித்திரக்கதைக்குத் தலித் இதழில் என்ன வேலை என்று தோழர்களிலும் சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. ஒரு கை உழைக்கிறது. அந்த உழைப்பின்மேல் வேறொருவன் பேர் எழுதப்படுகிறது. உழைத்த கைக்குக் கூலி மட்டும். ஐம்பது வருசம் கழித்து அதே உழைப்பு தங்க விலைக்குப் போகிறது. அப்போது அந்தக் கை மண்ணுக்குள் இருக்கிறது. இந்தக் கதையை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தரவேண்டியதில்லை. வேறொரு நாட்டில், வேறொரு தொழிலில் அது எப்படி நடந்தது, எதிர்த்து நின்றவர்கள் எப்படி நின்றார்கள் என்று பார்த்துவைப்பது நல்லது.

1972ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவந்தது. முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. தமிழ்நாட்டில் இரண்டு மூன்று தலைமுறைக்கு மாயாவியைத் தெரியும். மாயாவியை வரைந்த கை எது? ஹெசூஸ் பிளாஸ்கோ என்கிற ஸ்பெயின்காரர். 1962ல் 'வேலியண்ட்' என்கிற பிரிட்டிஷ் வார இதழுக்காக வரைந்தார். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வார இதழ்களில் வரைந்தவன் பேரைப் போடுகிற வழக்கம் இல்லை. நாயகனின் உடல் மாயமாகி இரும்புக்கை மட்டும் தெரிகிற கதையில் வரைந்தவனின் கையே மாயமாகிவிட்டது.

இங்கே நான் பேசவருவது அச்சான புத்தகத்தைப் பற்றி அல்ல. அச்சுக்குப் போகுமுன் ஓவியன் வரைந்த தாள் இருக்கிறதே, அந்த அசலைப் பற்றி. இன்று அமெரிக்காவிலும் பிரான்சிலும் இந்த அசல்களைச் சேகரிப்பது பெரும் பணக்காரர்களின் விளையாட்டு. 1984ல் மைக் செக் வரைந்த ஒரு ஸ்பைடர்மேன் பக்கம் - நாயகன் முதன்முதலாகக் கறுப்பு உடை மாட்டுகிற பக்கம் - 2022 ஜனவரியில் 33 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய கணக்கில் நம் பணத்துக்குச் சுமார் 25 கோடி ரூபாய். புத்தகம் முழுக்கக்கூட இல்லை. ஒரே ஒரு தாள்.

2

அந்தத் தாளை முதலில் பார்ப்போம். கெட்டி அட்டைத்தாள். அச்சுப் பக்கத்தைவிடப் பெரிது. 1960களின் பிற்பகுதிவரை அச்சளவைப்போல் இரண்டு மடங்கு உயர அகலத்தில் வரைந்தார்கள்; பிறகு ஒன்றரை மடங்காகச் சுருக்கினார்கள். ஒருவர் பென்சிலில் வரைவார். இன்னொருவர் அதன்மேல் மையிடுவார். மூன்றாமவர் பேச்சுக் குமிழிகளுக்குள் எழுத்து எழுதுவார். பிழை வந்தால் வெள்ளை மை பூசுவார்கள், அல்லது ஒரு துண்டுத்தாளை வெட்டி ஒட்டுவார்கள். வண்ணம் இந்தத் தாளில் இருக்காது. வண்ணத்தைத் தனித்தனித் தகடாகப் பிரிக்கிற வேலை வேறிடத்தில் நடந்தது. கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் இருந்த ஒரு பட்டறையில் அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். சூப்பர்மேனின் நீலமும் சிவப்பும் அந்தப் பெண்கள் கைபட்டு வந்தவை. எந்தப் புத்தகத்திலும் அவர்கள் பேர் கிடையாது. எந்த ஏலப் பட்டியலிலும் கிடையாது. ஆக அசல் என்று எதைச் சொல்கிறோமோ அதிலேயே மேல்கை, கீழ்கை, கணக்கில் வராத கை என்று படிநிலை இருக்கிறது.

அச்சு முடிந்ததும் அந்தத் தாளுக்கு மதிப்பு இல்லை. கம்பெனிகள் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டன. கோடவுனில் கட்டிவைத்தன. வந்துபோகிற ரசிகப் பையன்களுக்கு இனாமாகக் கொடுத்தன. வரைந்தவனுக்கு மட்டும் திருப்பித் தரவில்லை. ஏன்? பணத்துக்காக இல்லை, அப்போது அதற்குப் பணமதிப்பே கிடையாது. தாளைத் திருப்பிக் கொடுத்தால், 'இது உன்னுடையது' என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அந்தப் பயம்தான். எரிச்சாலும் எரிப்பானே தவிர உனக்குத் தரமாட்டான். களத்தில் சிந்திய நெல்லைக்கூடப் பொறுக்கவிடாத பண்ணையாரின் மனசு இது. நெல்லுக்காக அல்ல, உரிமைக்காக.

3

1938 மார்ச் 1ஆம் தேதி ஒரு காசோலை எழுதப்பட்டது. மொத்தம் 412 டாலர். அதில் 130 டாலர், சூப்பர்மேன் என்கிற கற்பனையின் எல்லா உரிமைக்குமான விலை. வாங்கியவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்கிற இரண்டு இளைஞர்கள். கிளீவ்லாந்தில் வளர்ந்த யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். காசோலையில் அவர்கள் பேரைக்கூடச் சரியாக எழுதவில்லை. 1975 வாக்கில் உலகமெங்கும் சூப்பர்மேன் பறந்துகொண்டிருந்தான். எழுதிய சீகல் தட்டச்சு எழுத்தராகக் காலம் தள்ளினார்; வரைந்த ஷஸ்டருக்குக் கண்பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. சீகல் பத்திரிகைகளிடம் முறையிட்டு ஊரைக் கூட்டிய பிறகுதான் கம்பெனி இறங்கிவந்தது. அந்த டிசம்பரில் ஆளுக்கு வருசம் 20,000 டாலர் என்று படி அளந்தது. படைத்தவர்கள் என்று பேர் போடவும் சம்மதித்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் 'ஏமாத்திட்டாங்க' என்று விட்டுவிடலாம். ஆனால் 2012ல் அந்தக் காசோலையே ஏலத்துக்கு வந்தது. 1,60,000 டாலருக்குப் போனது! சுரண்டிய சான்றும் சேகரிப்புப் பொருளாகிவிட்டது. படைப்புக்கு 130 டாலர். படைப்பைப் பறித்த ரசீதுக்கு ஒண்ணரை லட்சத்துக்கும் மேல். நம் தாத்தன் கைநாட்டு வைத்துக்கொடுத்த கடன் பத்திரத்தை, 'பழமையான ஆவணம், கைரேகை தெளிவாக உள்ளது' என்று சட்டம்போட்டு ஒருவன் தன் கூடத்தில் மாட்டிவைத்தால் எப்படி இருக்கும்?

கைநாட்டு என்று சும்மா சொல்லவில்லை. மார்வெல் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. கூலிக் காசோலையின் பின்பக்கத்தில் ஒரு வாசகம் அச்சடித்திருப்பார்கள்: இந்த வேலையின் சகல உரிமையும் கம்பெனிக்கே என்கிற அர்த்தத்தில். காசோலையை மாற்ற வேண்டுமானால் அதன் கீழேதான் கையெழுத்துப் போடவேண்டும். வீட்டு வாடகை, பிள்ளைக்குப் பால், எல்லாம் அந்தக் கையெழுத்தில் தொங்குகிறது. போடாமல் என்ன செய்வான்? சட்டம் இதை 'ஒப்பந்தம்' என்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவனிடம் விரலை உருட்டி வாங்கியதையும் சட்டம் ஒப்பந்தம் என்றுதான் சொன்னது.

4

ஜாக் கிர்பியின் வழக்கை நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1917ல் நியூயார்க்கின் ஏழை யூதக் குடியிருப்பில் பிறந்தவர். அப்பா துணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஜோ சைமனோடு சேர்ந்து கேப்டன் அமெரிக்காவையும், 1961 முதல் ஸ்டான் லீயோடு சேர்ந்து மார்வெலின் முக்கால்வாசி உலகத்தையும் உருவாக்கியவர். 1966ல் கறுப்புச் சிறுத்தை என்கிற முதல் பெரிய கறுப்பு நாயகனும் இந்த இரண்டு பேரின் பக்கங்களில்தான் வந்தான்.

1970களின் நடுவிலிருந்து கம்பெனிகள் புது அசல்களை ஓவியர்களுக்குத் திருப்பித் தரத் தொடங்கின. பழைய அசல்களைத் தருகிறோம் என்று 1984ல் மார்வெல் சொன்னபோது மற்ற ஓவியர்களுக்கு அனுப்பியது ஒரு பக்க ஒப்புதல் படிவம். கிர்பிக்கு மட்டும் நான்கு பக்கம். எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று அதில் எழுதிக்கொடுக்க வேண்டும். தாள்களைப் பொதுவில் காட்டுவதற்குக்கூடக் கட்டுப்பாடு. இதற்கெல்லாம் சம்மதித்தால் எத்தனை பக்கம் கிடைக்கும்? 88. அவர் அந்தக் கம்பெனிக்கு வரைந்தது 10,000 பக்கங்களுக்கும் மேல்.

கிர்பி கையெழுத்துப் போடவில்லை. அவருக்கு அப்போது வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. 'காமிக்ஸ் ஜர்னல்' என்கிற விமர்சன இதழ் இதைப் பெரிய பிரச்சினையாக்கியது. சக ஓவியர்களும் எழுத்தாளர்களும் 1986ல் அவருக்காகக் கையெழுத்துப் போட்டார்கள். 1987ல் கம்பெனி ஏறக்குறைய 2,000 பக்கங்களைத் திருப்பித் தந்தது. மிச்சம்? கோடவுனிலிருந்து காணாமல் போனவை. திருட்டுப் போனதாக நம்பப்படும் பக்கங்கள் வருசக்கணக்காகக் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. வாங்குகிறவர் பெரும்பாலும் கிர்பியைத் தெய்வமாகக் கும்பிடுகிற ரசிகர். தெய்வத்தின் வீட்டில் திருடியதை வாங்கித் தெய்வத்துக்கே சூடம் காட்டுகிற பக்தி இது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிர்பியின் அசல்களில் ஓரத்தில் பென்சில் குறிப்புகள் இருக்கும். இந்தக் கட்டத்தில் என்ன நடக்கிறது, யார் என்ன சொல்கிறான் என்று கிர்பி தன் கையால் எழுதியவை. படம் முதலில் வரும். ஸ்டான் லீ பிறகு உரையாடல் எழுதுவார். அச்சில் 'எழுதியவர் ஸ்டான் லீ' என்று வந்தது, ஓரக்குறிப்பு வெட்டுப்பட்டுவிட்டது. கதையை யார் கட்டினார் என்பதற்கு அந்தத் தாளின் ஓரம்தான் சாட்சி. வரலாறு எப்போதும் ஓரத்தில்தான் இருக்கிறது. அச்சடிக்கிறவன் ஓரத்தைத்தான் முதலில் வெட்டுகிறான். ஆகவே அசலைக் காப்பாற்றுவது வெறும் பணக்காரப் பைத்தியம் என்று நாம் தள்ளிவிட முடியாது. அசல் என்பது அழகுப் பொருள் மட்டும் அல்ல, கூலிக்காரனின் வாக்குமூலம். கிர்பி 1994ல் இறந்தார். அவர் பிள்ளைகள் தொடுத்த வழக்கு உச்சநீதிமன்றத்தின் வாசல்வரை போய், 2014ல் கம்பெனி சமரசத்துக்கு வந்தது.

இன்னொரு வழியும் இருக்கிறது என்று காட்டிய சம்பவம் ஒன்று. 1962ல் ஸ்டீவ் டிட்கோ வரைந்த ஸ்பைடர்மேனின் முதல் கதையையும் அதே இதழின் மற்ற கதைகளையும் சேர்த்து 24 அசல் பக்கங்களை, 2008ல் பேர் சொல்லாத ஒருவர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். ஏலத்தில் விட்டிருந்தால் எத்தனை கோடி! இன்று அந்தத் தாள்கள் பொதுச்சொத்து. கேட்டால் காட்டுவார்கள்.

5

இதுவரை சொன்னது வர்க்கக் கதை. வர்க்கத்தை மட்டும் பேசிவிட்டு எழுந்து போவது இடதுசாரித் தோழர்களின் பழைய பழக்கம். நிறத்தின் கதை இதற்கும் அடியில் கிடக்கிறது.

'கிரேஸி கேட்' என்கிற பூனைக்கதையை 1913 முதல் 1944ல் சாகும்வரை வரைந்தவர் ஜார்ஜ் ஹெரிமன். அவர் தீட்டி நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்த தாள்கள் இன்று சேகரிப்பாளர்களின் கனவு. அவரைக் கிரேக்கர் என்று சக ஊழியர்கள் நினைத்தார்கள். எப்போதும் தொப்பி போட்டிருப்பார். இறப்புச் சான்றிதழில் வெள்ளையர் என்று எழுதினார்கள். 1971ல் ஓர் ஆய்வாளர் அவருடைய பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்தார். நியூ ஆர்லியன்ஸ், 1880. நிறத்தவர் என்று பதிவாகியிருந்தது. வாழ்நாள் முழுக்க ஒரு மனிதன் தொப்பிக்குள் தலைமுடியை மறைத்துக்கொண்டு உலகத்தைச் சிரிக்கவைத்திருக்கிறான். நகரத்தில் வாடகை வீடு தேடும்போது ஊர்ப் பேரை மாற்றிச் சொன்னவர்கள், பேருக்குப் பின்னால் இரவல் பட்டம் ஒட்டிக்கொண்டவர்கள், ஆபீசில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக் கூச்சப்பட்டவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஹெரிமனின் தொப்பி புரியும். மற்றவர்களுக்கு அது ஒரு சுவாரஸ்யமான தகவல்.

மேட் பேக்கர் கறுப்பர். 1921ல் பிறந்து 1959லேயே இறந்துபோனார். வெள்ளைப் பெண்களை அழகாக வரைவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பேர் எடுத்தவர். தெருவில் ஒரு கறுப்பன் வெள்ளைப் பெண்ணை ஏறிட்டுப் பார்த்ததாகச் சொல்லியே அடித்துக் கொன்ற காலத்தில், கறுப்பன் வரைந்த வெள்ளைப் பெண் கடைகடையாகத் தொங்கினாள். வரைந்தது யார் என்று தெரியாததால் மட்டுமே அது சாத்தியமாயிற்று. ஜாக்கி ஆர்ம்ஸ் என்கிற கறுப்புப் பெண், கறுப்பர் நடத்திய பத்திரிகைகளில் 1937 முதல் சித்திரத்தொடர் வரைந்தார். அவருடைய பேட்டி ஜோ என்கிற வாயாடிச் சிறுமி 1947ல் பொம்மையாகவும் வந்தாள். அதற்குமுன் கடைகளில் கிடைத்த கறுப்புப் பொம்மைகள் பெரும்பாலும் வேலைக்காரி உருவங்களே. நல்ல சட்டை போட்டு, தலை நிமிர்ந்து நிற்கிற கறுப்புப் பிள்ளை பொம்மையாக வந்தது பெரிய காரியம். உளவுத்துறை அவர்மேல் கோப்பு திறந்தது. அந்தப் பொம்மை இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைகிற அரும்பொருள். அதே 1947ல் ஃபிலடெல்ஃபியாவில் ஆரின் எவன்ஸ் என்கிற பத்திரிகையாளர், கறுப்பர்களே எழுதி வரைந்த முதல் சித்திரக்கதை இதழைக் கொண்டுவந்தார். இரண்டாவது இதழ் வரவில்லை. காகிதம் விற்க வியாபாரிகள் மறுத்துவிட்டார்கள். தண்ணீர் மறுக்கிறவன், வழி மறுக்கிறவன் வரிசையில் காகிதம் மறுக்கிறவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1953ல் வெளிவந்த 'தீர்ப்பு நாள்' என்கிற சிறிய கதையையும் இங்கே சொல்ல வேண்டும். ஜோ ஓர்லாண்டோ வரைந்தது. இயந்திர மனிதர்கள் வாழும் ஒரு கிரகத்தைச் சோதிக்க பூமியிலிருந்து ஒருவன் வருகிறான். அங்கே ஆரஞ்சு நிறத்தார், நீல நிறத்தார் என்று இரண்டு பிரிவு. உள்ளே இருக்கிற பாகம் எல்லாம் ஒன்றுதான், மேல்தகடு மட்டும் வேறு. நீலத்தாருக்குத் தனிக் குடியிருப்பு, பேருந்தில் பின்வரிசை. நீலம்! நாம் அந்த நிறத்தை வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டவர்கள். உங்கள் கிரகத்துக்கு இன்னும் தகுதி வரவில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறவன் கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறான்: கறுப்பு மனிதன், நெற்றியில் வியர்வை. 1956ல் இதை மறுபடி அச்சிட முயன்றபோது தணிக்கை அமைப்பின் தலைவர், அவனைக் கறுப்பனாகக் காட்டக்கூடாது என்றார். பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் மறுத்து அப்படியே வெளியிட்டார். அதுதான் அவர் போட்ட கடைசி சித்திரக்கதைப் புத்தகம். இதே கெய்ன்ஸ், எல்லாக் கம்பெனியும் அசல்களைக் குப்பையில் போட்ட காலத்தில் தன் புத்தகங்களின் அசல்களைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தார். பிற்பாடு அவை ஏலத்துக்கு வந்தன. படம் தணிக்கைக்கு ஆகாது, ஏலத்துக்கு ஆகும்.

6

மாயாஜால ஓவியத்தின் பக்கம் வந்தால் ஃப்ராங்க் ஃப்ராஸெட்டாவைத் தாண்டிப் போகமுடியாது. 1928ல் புரூக்ளினில் பிறந்தவர். 1966 முதல் கோனன் என்கிற காட்டுவீரன் கதைப்புத்தகங்களுக்கு அட்டை வரைந்து உலகப்புகழ் பெற்றார். கம்பெனியிடம் அசலைத் திருப்பி வாங்குவதில் பிடிவாதமாக இருந்தவர். அதனால் அவர் குடும்பம் பிழைத்தது. 'எகிப்திய ராணி' 2019ல் 54 லட்சம் டாலர், 'இருண்ட ராஜ்யம்' 2023ல் 60 லட்சம் டாலர். ஒரு தொழிலாளியாக அவர் ஜெயித்தவர். அந்த ஜெயிப்பை நாம் மதிக்க வேண்டும்.

ஆனால் கேன்வாசில் என்ன இருக்கிறது? முதல் கோனன் அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். பிணமும் எலும்பும் குவிந்த மேட்டின்மேல் வாளூன்றி நிற்கிறான் நாயகன். காலைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாள் ஒரு பெண். ராபர்ட் ஹோவர்ட் 1932 முதல் எழுதிய மூலக்கதைகளில், கறுத்த இனக்குழுக்கள் வெட்டுப்படுவதற்கென்றே கூட்டம் கூட்டமாக வரும். வெள்ளைத் தசை வீரம், கறுத்த தசை மிருகம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிதில்லை. 1967ல் தொடங்கிய அமர் சித்திரக் கதையில் தேவர்கள் வெளுப்பு, அசுரர்கள் கறுப்பு, கோரைப்பல், தொப்பை. 1979ல் அதே வரிசையில் பாபாசாகேப் அம்பேத்கரையும் ஓர் இதழாகப் போட்டார்கள். பட்டியலில் ஓர் எண் கொடுத்து அவரையும் அமர்த்திக்கொண்டார்கள். ஓவியனின் கைக்கு உரிமை வேண்டும் என்று கேட்கிற அதே வாயால், அந்தக் கை வரைந்த கண்ணோட்டத்தையும் கேள்வி கேட்போம். ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்க முடியாது.

சிலைகளுக்கு வருவோம். நாயகர்களும் அரக்கர்களும் பிசின் வார்ப்புச் சிலைகளாக, இத்தனை பிரதி மட்டும் என்று எண்ணிட்டு விற்கப்படுகிறார்கள். கூடவே சான்றிதழ். அதில் மாதிரியைச் செதுக்கிய சிற்பியின் பேர் இருக்கும். ஒவ்வொரு சிலையின் கண்ணையும் புருவத்தையும் தூரிகையால் எழுதியவர்கள் சீனத் தொழிற்சாலைகளின் தொழிலாளர்கள். அவர்கள் பேர் எங்கும் இல்லை. கையால் தீட்டப்பட்டது என்று பெட்டியின்மேல் பெருமையாகப் போட்டிருப்பான். எந்தக் கை என்று மட்டும் போடமாட்டான். நம்மூர் மிருதங்கத்துக்குத் தோல் கட்டுகிறவர்கள் பற்றி 2020ல் டி.எம். கிருஷ்ணா ஒரு புத்தகமே எழுதினார். சபாவில் வாசிக்கிறவன் பேர் ஊருக்கெல்லாம் தெரியும். தோல் பதனிட்ட தலித் கிறிஸ்தவரின் பேர் அந்தப் புத்தகம் வரும்வரை எத்தனை ரசிகருக்குத் தெரியும்?

டின்டின் வரிசையில் 'நீலத் தாமரை' என்கிற கதைக்கு 1936ல் எர்ஜே வரைந்து, பயன்படுத்தாமல் போன அட்டைப்படம் 2021 ஜனவரியில் பாரீசில் 32 லட்சம் யூரோவுக்கு விற்றது. பதிப்பாளரின் சின்னப் பையனுக்குப் பரிசாகக் கிடைத்து, மடித்து மேசை இழுப்பறையில் கிடந்ததாம். மடிப்பு இன்னும் தெரியும் என்று ஏலக்காரர்கள் சொன்னார்கள். அந்தக் கதையில் சீனர்கள் கேலிச்சித்திரமாக இல்லாமல் மனிதர்களாக வரக் காரணம் ஜாங் சோங்ரென் என்கிற சீனச் சிற்பி. பிரஸ்ஸல்ஸில் மாணவராக இருந்தபோது 1934ல் எர்ஜேயைச் சந்தித்தார். படத்தில் வருகிற கடைப்பலகை, சுவரொட்டி எழுத்துகள் அவர் உதவியால் வந்தவை. அவர் பேர் அட்டையில் இல்லை. சீனா திரும்பிச் சிற்பப் பட்டறை நடத்தினார். கலாச்சாரப் புரட்சியின்போது அவரைத் தெருக்கூட்ட விட்டார்கள் என்கிறார்கள். இதை வாசிக்கிற ஐரோப்பியர், ஐயோ ஒரு கலைஞனுக்கா இந்தக் கதி என்று உருகுகிறார். நமக்கு வேறொன்று தோன்றுகிறது. ஒருவனை அவமானப்படுத்த வேண்டுமானால் துடைப்பத்தைக் கொடு என்று புரட்சிக்கும் தெரிந்திருக்கிறது. பிறந்தன்றே துடைப்பம் கையில் திணிக்கப்பட்டவர்களுக்குள் எத்தனை சிற்பிகள் இருந்தார்கள் என்று யார் கணக்கெடுத்தது?

நம் ஊர்களிலும் சிலை இருக்கிறது. நீலக் கோட்டு, கையில் புத்தகம், நீட்டிய விரல். உள்ளூர்க் கொத்தனாரோ சிற்பியோ சிமெண்டில் செய்தது. மூக்கு கொஞ்சம் கோணலாக இருக்கலாம். அதைச் செய்தவர் பேர் கல்வெட்டில் இருக்காது. திறந்துவைத்தவர் பேர்தான் இருக்கும். எந்தச் சேகரிப்பாளனும் அதைத் தேடி வரமாட்டான். ஆனால் இரவில் சுத்தியலோடு தேடி வருகிறவர்கள் உண்டு. அதனால் பல ஊர்களில் அம்பேத்கர் இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறார். பிசினில் வார்த்த அரக்கனுக்குக் கண்ணாடிப் பெட்டி. சட்டம் எழுதியவருக்குக் கம்பிக் கூண்டு.

7

'பீமாயணா' 2011ல் வந்தது. அம்பேத்கர் வாழ்க்கையை துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்கிற பர்தான் கோண்டு ஓவியர்கள் வரைந்தார்கள், வெளியிட்டது நவயானா. பாத்திரங்களைக் கட்டங்களுக்குள் அடைக்க மாட்டோம், மூச்சு முட்டும் என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். தங்கள் வீட்டுச் சுவரிலும் தரையிலும் போடும் திக்னா கோலத்தாலேயே பக்கங்களைப் பிரித்தார்கள். ஏரி கேட்கிறது, ரயில் பாம்பாகிறது, விரல்கள் பேசுகின்றன. எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, அட்டையில் ஓவியர் இருவரின் பேரும் இருப்பது. இது சின்ன விஷயம் இல்லை. பிளாஸ்கோவுக்கு 'வேலியண்ட்' இதழில் கிடைக்காதது இது.

அதே கோண்டு மரபின் முன்னோடி ஜங்கர் சிங் ஷியாம். 1980களில் போபால் பாரத் பவன் அவரைக் 'கண்டுபிடித்தது' என்று எழுதுவார்கள். அவர் எங்கே தொலைந்து போயிருந்தார் கண்டுபிடிக்க? 2001ல் ஜப்பானில் நீகாட்டாவின் மிதிலா அருங்காட்சியகத்தில் தங்கி வரைந்துகொண்டிருந்தபோது தற்கொலை செய்துகொண்டார். வயது நாற்பதுகூட இல்லை. 2010ல் நியூயார்க் ஏலத்தில் அவருடைய ஓர் ஓவியம் 31,250 டாலருக்குப் போனது. கிர்பியின் கதையும் ஷஸ்டரின் கதையும் அமெரிக்காவில் மட்டும் நடப்பதல்ல.

சட்டத்தில் ஒரு சிறிய கதவு இருக்கிறது. நம் ஓவியர்களும் எழுத்தாளர்களும் அதை அறியவேண்டும். 1994ல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு. ஓவியம், சிற்பம், வரைபடம், ஏன் ஒரு எழுத்தாளரின் மூலக் கையெழுத்துப் பிரதி, இவற்றின் அசல் மறுபடி விற்கப்பட்டு விலை 10,000 ரூபாயைத் தாண்டினால், படைத்தவருக்கோ அவர் வாரிசுக்கோ அதில் பங்கு உண்டு. அதிகபட்சம் 10 சதவீதம். பதிப்புரிமையை எழுதிக்கொடுத்திருந்தாலும் இந்தப் பங்கு போகாது. ஆனால் ஒரு நிபந்தனை: படைப்பின் முதல் உரிமையாளர் நீங்களாக இருக்க வேண்டும். மாதச் சம்பளத்துக்கு வரைந்தால் முதல் உரிமையாளர் முதலாளி. பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கும், மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆக, கதவு திறந்திருக்கிறது. கூலிக்காரன் நுழைய முடியாதபடி வாசற்படி போட்டிருக்கிறது. அந்த மாற்று ஒப்பந்தம் ஒரு வரியில் முடிகிற காரியம். 'உரிமை என்னுடையது, அச்சிட மட்டும் அனுமதிக்கிறேன், அசலைத் திருப்பித் தரவேண்டும்.' இதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளாமல் எந்தத் தோழரும் யாருக்கும் படம் வரைந்து தரவேண்டாம். 'நம்ம ஆளுதானே' என்று விட்டுவிடவும் வேண்டாம்.

இதை மற்றவர்களுக்குச் சொல்லும்போது நம் வீட்டையும் பார்க்க வேண்டும். தலித் இதழ்களின் அட்டைக்கு வரைந்த கோட்டோவியங்களின் அசல் எங்கே? மாநாட்டுத் தட்டிகளை எழுதிய பிள்ளைகள் யார்? ராத்திரி முழுக்கக் கண்விழித்துச் சுவரெழுத்து எழுதி, போலீஸ் வந்ததும் டப்பாவைப் போட்டுவிட்டு ஓடியவர்களின் பேர் எந்த வரலாற்றில் இருக்கிறது? பேச்சாளர்களின் பேச்சு புத்தகமாகிறது. தட்டி கூட்டம் முடிந்ததும் யார் வீட்டுக் கூரைக்கோ மழைக்கு மறைப்பாகிறது. ஒரு காலத்தில் ஒரு வெளிநாட்டு ஆய்வாளரோ டெல்லி காலரிக்காரரோ வந்து, மிச்சம் இருப்பதை நூறுக்கும் இருநூறுக்கும் வாங்கிப்போவார். பிறகு நம் பிள்ளைகள் அதைப் பார்க்க அனுமதிக் கடிதம் எழுதிக்கொண்டு நிற்பார்கள்.

அதற்குமுன் செய்யவேண்டியவை உண்டு. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு நல்ல அறை, ஈரம் புகாத ஒரு அலமாரி. தட்டி, சுவரொட்டி, கோட்டோவியம், கையெழுத்துப் பிரதி எல்லாம் அங்கே சேரட்டும். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பென்சிலால் செய்தவர் பேர், ஊர், வருசம் எழுதி வைப்போம். எழுத்து எழுதியவர் பேரும், வண்ணம் கலந்து கொடுத்தவர் பேரும், ஏணி பிடித்தவர் பேரும் சேரட்டும். கிர்பியின் ஓரக்குறிப்பை வெட்டினார்களே, அந்த ஓரத்தை நாம் வெட்டாமல் வைத்திருப்போம்.